பண்பாட்டுப் பரிமாற்ற விசா

கலை, கல்வி, பயிற்சி ஆகியவற்றின் பொருட்டு ஒரு நாட்டவர் மற்றொரு நாட்டில் குறித்த காலம் தங்குவதற்கான அனுமதி பண்பாட்டுப் பரிமாற்ற விசா. நாட்டுக்கு நாடு விதி மாறினாலும், வருபவருக்கு அங்கே பொறுப்பேற்பவர் யார், அவரது கலைக்குச் சான்று சொல்பவர் யார் என்ற இரண்டு கேள்விகள் பெரும்பாலும் உண்டு. இரண்டாவது கேள்வி விசாவுக்கும் மூத்தது. 1893-இல், இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியின் ஊக்கத்தைப் பெற்ற விவேகானந்தர் சிகாகோ சென்றபோது விசா கேட்பாரில்லை. ஆயினும் சர்வசமயப் பேரவையில் பேசச் சான்று வேண்டியிருந்தது. ஹார்வர்டு பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட்டின் கடிதம் அந்தக் குறையைத் தீர்த்தது.

இன்றைய அமெரிக்கா அதையே விதியாக்கியிருக்கிறது. 1961-ஆம் ஆண்டு ஃபுல்பிரைட்-ஹேஸ் சட்டம் சார்ந்த ஜே-1 விசா மாணவர், ஆசிரியர், ஆய்வாளர் போன்றோருக்கு உரியது. அங்கீகாரம் பெற்ற புரவலர் நிறுவனம் டிஎஸ்-2019 படிவம் தர வேண்டும். அரசு நிதியில் செல்பவர் பொதுவாகத் திரும்பிவந்து 2 ஆண்டு சொந்த நாட்டில் இருந்த பிறகே அமெரிக்காவில் நிரந்தர வசிப்புரிமை பெறலாம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து ஒயிலாட்டக் குழுவுக்கோ நையாண்டி மேளக் குழுவுக்கோ பொருந்துவது பி-3 (P-3) விசா. மரபுக் கலையை நிகழ்த்தவும் கற்பிக்கவும் வருபவருக்கான இந்த விசாவுக்கு, அழைக்கும் தரப்பு அமெரிக்காவில் முதலில் மனுச் செய்ய வேண்டும். கலையின் தனித்தன்மைக்குத் துறை அறிஞர்களின் கடிதமோ இதழ்களில் வந்த விமர்சனம் போன்ற ஆவணமோ வேண்டும். பங்குனிப் பொங்கலில் விடிய விடிய ஆடும் குழுவைப் பற்றி யார் விமர்சனம் எழுதுகிறார்கள்? ஆட்டத்தில் குறையில்லாதவர்கள் காகிதத்தில் தோற்பது இங்கேதான்.

சான்று இருந்தும் தூதரகம் மறுக்கலாமே என்பது வலுவான ஆட்சேபம். விண்ணப்பிப்பவர் நிரந்தரமாகத் தங்கவே வருகிறார் என்று அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவு முதலில் எடுத்துக்கொள்கிறது. இல்லையென்று நிறுவுவது அவர் பாடு. மாதச் சம்பளமும் வருமான வரிக் கணக்கும் இல்லாத கலைஞருக்கு அது பெரும்பாடு. கலைக்குழு என்ற பெயரில் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பிய வழக்குகள் பஞ்சாபில் நடந்திருப்பதால், அந்த ஐயத்தை அடியோடு தள்ளவும் முடியாது. ஐயம் மிகுந்த இடத்தில்தான் பல்லாண்டு நிகழ்ச்சிப் பதிவும், கலைஞர் நல வாரிய அடையாள அட்டையும், அடுத்த திருவிழாவுக்கு ஊர்க் கமிட்டி எழுதிக்கொடுத்த ஒப்பந்தமும் பேசும். அவர் திரும்பிவர வேண்டிய காரணம் அந்த ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

அருப்புக்கோட்டை வட்டாரத்துப் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கம், தமிழ் கற்றவருக்குத் தேர்வு வைத்துப் பட்டம் வழங்கியது. புலமைக்கு, முன்பின் அறியாதவரும் ஏற்கத்தக்க சான்று அதனால் பிறந்தது. ஆட்டத்துக்கும் மேளத்துக்கும் அவர் ஊர்ப்பக்கமே அப்படியோர் ஏற்பாடு வேண்டும். தேர்வும் பட்டமும் நாட்டுப்புறக் கலையை இறுக்கிவிடும் என்ற அச்சம் நியாயமானது. ஆகவே தரம் பிரிக்கவே வேண்டாம். வாத்தியார் பெயர், பாட்டு, ஆடிய ஊர், நாள், காணொளி என்று பதிவு செய்துவைத்தால் போதும். அந்தப் பதிவைப் பார்த்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை போன்ற இடத்து அறிஞர் ஒருவர் எழுதும் கடிதம், பி-3 மனு கேட்கும் சான்றாகவே அமையும்.