பழைய குழாய், புதிய நாடா: தாமிரபரணிக் கரையின் ஒலி ஊடகக் காலவரிசை குறித்து

பீட்டர் மேனுவல் 1993இல் வெளியிட்ட ‘கேசட் கல்ச்சர்’, இந்தியாவில் ஒலிநாடாவின் வரவை ஆராய்வோர் எவரும் தவிர்க்க இயலாத நூல். ஆயினும் அந்நூல் வகுத்துக்கொண்ட ‘பழைய ஊடகம்’, ‘புதிய ஊடகம்’ என்னும் இருகூறுப் பகுப்பு, நெசவும் பீடி சுற்றுதலும் வாழ்வாதாரமாக விளங்கிய, திருநெல்வேலியை ஒட்டிய மேலப்பாளையம் போன்ற முஸ்லிம் ஊர்களின் ஒலி வரலாற்றுக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திரைப்படம், வானொலி, இசைத்தட்டு ஆகிய பழைய ஊடகங்கள் பெருமுதலை வேண்டுபவை, சிலர் கையில் குவிந்தவை, ஒருவழிப் போக்குடையவை. கேசட்டோ மலிவானது, உள்ளூரிலேயே பதிந்து படியெடுக்கத்தக்கது, ஆதலால் எச்.எம்.வி. நிறுவனத்தின் ஏகபோகத்தை உடைத்து வட்டார இசைவகைகளுக்கு வழிவிட்டது என்பது மேனுவலின் கொள்கைச் சுருக்கம். கேசட்டின் நன்மையை மட்டுமே அவர் பேசினார் என்று சொல்வது நேர்மையாகாது. மதப்பகையைத் தூண்டிய நாடாக்களையும் அவர் விரிவாகவே பதிவு செய்துள்ளார். தம் ஆய்வின் எல்லை வட இந்தியா என்பதை நூலின் துணைத்தலைப்பிலேயே அறிவித்தும் இருக்கிறார். எனினும் ஊடகத்தை அவர் உற்பத்தியின் பக்கம் நின்றே அளக்கிறார்: யார் பதிந்தார், யார் விற்றார் என்ற வினாக்கள் அங்கே விடை பெறுகின்றன, பதிந்தது எந்தக் கருவி வழியாக, எந்தத் தெருவில், எத்தகைய ஒலியாகக் காதில் விழுந்தது என்ற வினா எழவே இல்லை. அவ்வினாவை எழுப்பியவுடன், புதியது வந்ததும் பழையது விலகிவிடும் என்ற சொல்லப்படாத எடுகோள் ஆட்டம் காண்கிறது. மேற்கு நாடுகள் 1960ஐ ஒட்டிக் கைவிட்ட 78 சுற்று அரக்குத் தட்டுகள் இந்தியாவில் 1960களின் நடுப்பகுதியிலும் அச்சாயின. பீட்டில்ஸ் குழுவின் பாடல்களே இங்கு அவ்வடிவில் வெளிவந்தன. ஒரு கருவி வழக்கொழிந்தது என்பது அதைச் செய்த நாட்டின் நாட்காட்டி. கேட்ட நாட்டுக்கு வேறு நாட்காட்டி உண்டு.

இதற்குக் கொழும்பிலிருந்து கிடைக்கும் சான்று நின்று நோக்கத்தக்கது. இலங்கையில் வானொலிச் சோதனையைத் தொடங்கிய எட்வர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் வானொலி உறுப்புகளைக் கொண்டு தந்தித் துறைப் பொறியாளர்கள் கட்டிய சிறு ஒலிபரப்பியின் வழியாக, மத்திய தந்தி அலுவலகத்தின் சிற்றறை ஒன்றிலிருந்து இசைத்தட்டுகளை ஒலிபரப்பினார் என்பது கொழும்பு வானொலி நிலையத்தின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் வரும் செய்தி. ஆண்டு மட்டும் ஒருமுகப்படவில்லை. 1923 என்பாரும் 1924 என்பாரும் உள்ளனர். சோதனை ஒலிபரப்பும் பொதுமக்கள் அறிய நடந்த முதல் ஒலிபரப்பும் ஒன்றெனக் கொள்ளப்பட்டதால் இம்மயக்கம் எழுந்திருக்கலாம். முறையான நிலையம் 1925 டிசம்பரில் தொடங்கியது. ஆண்டு எதுவாயினும், தெற்காசியாவின் மிகப் பழைய வானொலிகளுள் ஒன்று போர்க்கழிவிலிருந்து பிறந்தது என்பதும், அது முதலில் அனுப்பியது மற்றோர் ஊடகத்தின் பண்டமான இசைத்தட்டை என்பதும் உறுதி. இது ஒருமுறை நேர்ந்த தற்செயல் அன்று. இரண்டாம் உலகப்போரில் தென்கிழக்காசியப் படைத்தலைமைக்காக இயங்கிய வானொலியின் வலிமைமிக்க சிற்றலை வசதிகளை ரேடியோ சிலோன் என்னும் இலங்கை வானொலி 1949இல் ஏற்றுக்கொண்டது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடலை ஒடுக்கியபோது, 1957இல் அதன் விவித பாரதி ஒலிபரப்பு தோன்றும்வரை அந்த இடைவெளியை நிரப்பியது அந்தப் படைக்கருவியே. திருநெல்வேலிக்குத் தனி வானொலி நிலையம் 1963இல்தான் வாய்த்தது. அதற்கு முன்பே இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பும் முஸ்லிம் நிகழ்ச்சியும் தென்மாவட்டங்களின் அன்றாட ஓசையாகிவிட்டிருந்தன. மேனுவலின் அட்டவணைப்படி இது பழைய ஊடகம், மையப்பட்டது, ஒருவழிப்பட்டது. ஆனால் எல்லை கடந்து, தன் நாட்டு அரசு மறுத்த பாடலைக் கேட்ட தாமிரபரணிக் கரையாருக்கு, மேனுவல் கேசட்டுக்கு உரியதாகச் சொல்லும் விடுதலையின் ஒரு பகுதியை அது முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தந்துவிட்டது.

மேலப்பாளையத்தைப் பொறுத்தவரை எழுத்துச் சான்று மெலிந்தது. மெலிந்திருப்பதாலேயே வாதத்தை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. தென்மாவட்ட வழக்கில் ‘ரேடியோ செட்டு’ எனப்படுவது, வாடகைக்கு வரும் பெருக்கி, தட்டுச்சுழலி, ‘குழாய்’ எனப்படும் கூம்பு ஒலிபெருக்கி ஆகியவற்றின் தொகுதி. கேசட் வந்தபோது இத்தொகுதியில் மாறியது தட்டுச்சுழலி மட்டுமே. பெருக்கியும் குழாயும் இருந்தபடியே இருந்தன. குழாயோ தாழ்ந்த ஒலிகளைப் பெரும்பாலும் விழுங்கி, நடுத்தர ஒலிகளையே தொலைவுக்குக் கொண்டுசெல்லும் இயல்புடையது. இஸ்லாமியப் பாடகர் நாகூர் ஹனீபாவின் ஓங்கிய குரல் தெருக்களைத் தாண்டிச் சென்று பதிந்ததற்கு அக்குரலின் வன்மையோடு இக்கருவியின் இயல்பும் காரணம் எனக் கொள்வதே பொருத்தம். எனவே கேசட் இசை எனப்படுவது, இவ்வூர்களில் கேட்கப்பட்ட நிலையில், குழாய் இசையே. கல்யாண வீட்டிலும் கந்தூரியிலும் எந்தப் பாட்டுக்குப் பின் எதைப் போடுவது, ஒலியை எப்போது தணிப்பது என்று முடிவு செய்த செட்டுக்காரரின் தேர்வு தொழில்நுட்பப் பணி மட்டுமன்று, கலைச்செயலும் ஆகும். ஊடகக் கலையின் வரலாறு அவரைக் கணக்கில் கொள்ளாதது குறையே.

மறுமுனையில், கலைநிறுவனங்கள் புதுமை என அறிவித்ததன் கதி ஒப்பிடத்தக்கது. 1969இல் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் அகமதாபாதின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் என்னும் மின்னணு இசையாக்கக் கருவியை நிறுவினார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், எஸ்.சி. சர்மா முதலியோர் அங்கே செய்த ஆக்கங்கள் 1972 அளவில் நின்றுபோயின. இசைக்கலைஞர் பால் பர்கஸ் அந்நாடாக்களை ஆவணக்காப்பகத்தில் கண்டெடுத்த பிறகே 2023இல் அவை இசைத்தொகுப்பாக வெளிவந்தன. அன்றைய உலகின் மிகப் புதிய கருவி ஒரு வளாகத்துக்குள் மூன்றாண்டில் அடங்கிவிட, பழங்குழாய் பல பத்தாண்டுகள் ஊர்களில் ஒலித்தது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணிக்குமேல் அதற்குத் தடை விதிக்க வேண்டியிருந்தது.

வளைகுடா சென்ற தொழிலாளர் 1970களின் இறுதியில் கொண்டுவந்த ஜப்பானியப் பதிவுக்கருவிகளை மேனுவலும் குறிப்பிடுகிறார். ஆனால் அதைக் கேசட் தொழிலின் முன்னுரையாக மட்டும் கடந்து, டி-சீரீஸ் கேசட் நிறுவனத்தின் எழுச்சிக்கு விரைகிறார். மேலப்பாளையம் போன்ற ஊர்களுக்கு அதுவே முதல் அதிகாரம். கடிதத்துக்கு மாற்றாகக் குரலைப் பதிந்து அனுப்பும் நாடாக்கடிதம் கேரளத்து மாப்பிள முஸ்லிம்கள் நடுவிலும் தமிழ் முஸ்லிம் ஊர்களிலும் வழங்கியது, எஸ்.ஏ. ஜமீலின் ‘துபாய் கத்துப் பாட்டு’ கடித வடிவத்தையே மலையாளப் பாடலாக்கிப் புகழ்பெற்றது. விற்பனைக்கு வராத அந்த நாடாக்கடிதங்கள் சந்தைக் கணக்கைச் சான்றாகக் கொள்ளும் எந்த ஆய்விலும் இடம்பெற வாய்ப்பில்லை. ஆகவே இப்பகுதியின் கேசட் காலத்தை முதல் வணிக வெளியீட்டிலிருந்து அன்றி, வளைகுடாவிலிருந்து வந்த முதல் பதிவுக்கருவியிலிருந்து கணக்கிடுவதே முறை. அவ்வாறு கணக்கிட்டால் அதன் தொடக்கத்தை ஓர் ஆண்டில் நிறுத்த இயலாது, 1970களின் பிற்பாதி என்ற அளவிலேயே சுட்ட இயலும்.