கேட்கப்படாத கேள்வி

1997 ஜனவரியில், தான்சானியாவின் அருஷா நகரில், ஐ.நா. அமைத்த பன்னாட்டு நீதிமன்றத்தில் ழான்-பால் அகயேசு மீதான விசாரணை தொடங்கியது. குற்றப்பத்திரிகையில் 12 குற்றச்சாட்டுகள் இருந்தன. இனப்படுகொலை, கொலை, சித்திரவதை எல்லாம் இருந்தன. பாலியல் வன்புணர்வு மட்டும் இல்லை.

அகயேசு, ருவாண்டாவில் தாபா என்ற வட்டாரத்தின் மேயர். அதற்கு முன் பள்ளி ஆசிரியர். 1994 ஏப்ரல் முதல் ஏறக்குறைய நூறு நாட்களில் அந்நாட்டில் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. மதிப்பிட்டது. பெரும்பாலோர் துட்சிகள். தாபாவின் துட்சிப் பெண்கள் பலர் அடைக்கலம் தேடி ஓடிவந்தது மேயர் அலுவலகத்துக்கு. அந்த வளாகத்திலேயே அவர்கள் வன்புணரப்பட்டார்கள்.

இது யாருக்கும் தெரியாத செய்தி அல்ல. ருவாண்டாவில் வன்புணரப்பட்ட பெண்கள் இரண்டரை லட்சம் முதல் ஐந்து லட்சம் வரை இருக்கலாம் என்று ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் 1996 ஜனவரியிலேயே எழுதியிருந்தார். செத்தவர்களை எண்ணத் தெரிந்த நிறுவனத்துக்கு, உயிரோடு மிஞ்சிய பெண்ணிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை.

மௌனம் உடைந்தது சாட்சிக் கூண்டில். தந்தையைக் கொல்ல வந்த இன்டரஹாம்வே கும்பலில் மூவர் தன் ஆறு வயது மகளை வன்புணர்ந்ததை 'ஜே' என்று மட்டும் குறிப்பிடப்பட்ட ஒரு தாய் சொன்னார். நீதிபதிகள் மேலும் கேட்டார்கள். மேயர் அலுவலகத்தில் இளம்பெண்களுக்கு நடந்ததாகக் கேள்விப்பட்டதையும் சொன்னார். அடுத்து 'எச்' என்ற சாட்சி, சோளக்கொல்லையில் தனக்கு நேர்ந்ததையும் அலுவலகத்தை ஒட்டி மற்றப் பெண்களுக்கு நேர்ந்ததைத் தான் பார்த்ததையும் சொன்னார்.

மூன்று நீதிபதிகளில் ஒருவர் மட்டுமே பெண். டர்பனில் தமிழ்க் குடும்பத்தில், பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்த நவநீதம் பிள்ளை. பின்னாளில் ஐ.நா. மனித உரிமை ஆணையராக நாம் அறிந்த அதே பிள்ளைதான். பெண்கள் அமைப்புகளும் வெளியிலிருந்து நீதிமன்றத்தை வலியுறுத்தின. 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. மூன்று குற்றச்சாட்டுகள் சேர்ந்தன. 1998 செப்டம்பர் 2 அன்று வந்த தீர்ப்பு, ஓர் இனத்தை அழிக்கும் நோக்கோடு நடக்கும் வன்புணர்வும் இனப்படுகொலையே என்று முதன்முறையாகச் சொன்னது.

அந்தத் தீர்ப்பு இன்னொரு வேலையையும் செய்தது. பன்னாட்டுச் சட்டத்தில் வன்புணர்வுக்கு ஏற்கப்பட்ட வரையறை அதுவரை இல்லை. நிர்ப்பந்தச் சூழலில் ஒருவர் உடல்மீது நிகழ்த்தப்படும் பாலியல் அத்துமீறல் என்று அது வரையறுத்தது. நிர்ப்பந்தத்துக்கு அடி உதை தேவையில்லை, அச்சுறுத்தலே போதும் என்றது. தமிழில் நாம் வெகுகாலம் 'கற்பழிப்பு' என்றே எழுதிவந்தோம். அந்தச் சொல்லில் அழிவது பெண்ணின் கற்பு. செய்தவன் சொல்லுக்குள்ளேயே இல்லை. பெயர் பிழையாக இருக்கும்போது சாட்சியமும் வழி தவறிப்போகிறது.

ஆனால் தீர்ப்போடு வாழ்க்கை சீராகிவிடவில்லை. வன்புணர்வால் எச்.ஐ.வி. தொற்றிய பெண்கள் பலர் மருந்தின்றிச் செத்துக்கொண்டிருந்த காலத்தில், அருஷா சிறையில் இருந்தவர்களுக்கு மருந்து கிடைத்தது. கைதிக்கு மருந்து தருவது முறைதான். சாட்சி சொன்னவளுக்கு யார் பொறுப்பு என்பதைத்தான் யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை.

அந்த இடத்தைப் பெண்களே நிரப்பினார்கள். கணவரை இழந்த சுமார் ஐம்பது பெண்கள் 1995இல் 'அவேகா' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். துணை, மருத்துவம், சட்ட உதவி என்று அது வளர்ந்தது. வீட்டு ஆண்கள் இறந்துவிட்டார்கள். மரபு வழக்கிலோ பெண்ணுக்கு நிலத்தில் வாரிசுரிமை இல்லை. உழுது பிழைக்க வேண்டியவளுக்கு உழும் நிலம் சொந்தமில்லை. பெண்களின் விடாத அழுத்தத்தால் 1999இல் மகளுக்கும் மகனுக்கும் சம வாரிசுரிமை தரும் சட்டம் வந்தது. அதிலும் ஓர் ஓட்டை: பதிவு செய்யப்படாத திருமணத்தில் வாழ்ந்த மனைவிக்கு அது கைகொடுக்கவில்லை. 2008இல் ருவாண்டா நாடாளுமன்றத்தின் கீழவையில் பெண்கள் 56 விழுக்காடு ஆனதை உலகம் பாராட்டியது. அந்தப் பாராட்டுக்குக் கீழே, பதிவில்லா மனைவியின் கேள்வி அப்படியே கிடந்தது.

கலவரமோ போரோ முடிந்ததும் எங்கும் விசாரணை ஆணையம் வரும், நிவாரணப் படிவம் வரும். முதலில் பார்க்க வேண்டியது அதிலுள்ள கேள்விகளை. அவற்றை எழுத உட்கார்ந்தவர்களில் பெண்கள் இருந்தார்களா என்பதை.