ஏற்ற நுகமும் ஏற்றிய நுகமும்: கிறிஸ்தவ மரபில் ஓர் உருவகத்தின் வரலாறு

மத்தேயு நற்செய்தி 11-ஆம் அதிகாரத்தின் 28-ஆம் வசனம் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளுக்கு நன்கு பழக்கமானது. பாரம் சுமப்போரை இளைப்பாற அழைக்கும் அந்த வசனத்தைச் சுவர்க் காலண்டரிலும் ஆலய முகப்பிலும் காணலாம். அதற்கு அடுத்த வசனம் அவ்வளவாக அச்சேறுவதில்லை. இளைப்பாற வந்தவனை ஒரு நுகத்தை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறது அது. உழுது களைத்த மாட்டை அவிழ்த்துவிடாமல் மறு ஏரில் பூட்டுவது போலல்லவா இருக்கிறது? இந்த முரணை விளங்கிக்கொள்ள, இயேசுவுக்கு முன்பு அந்த உருவகம் எங்கே புழங்கியது, அவருக்குப் பின்பு யார் யார் கையில் என்னவானது என்று பார்க்க வேண்டும். நுகம் கனமா, இலேசா என்பதைவிட, அதைக் கழுத்தில் வைத்தது யார் என்பதே இந்த நெடிய வரலாற்றில் உண்மையான வழக்காக இருந்துவந்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

பழைய ஏற்பாட்டில் நுகம் பெரும்பாலும் அரசியல் சொல். அசீரிய மன்னர்கள் தங்கள் கல்வெட்டுகளில், வென்ற நாடுகளின் மேல் தங்கள் ஆட்சியின் பளுவான நுகத்தைச் சுமத்தியதாகப் பெருமை பேசினார்கள். கப்பம், படைக்கு ஆள், கட்டாய வேலை எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கின. ஏசாயா நூலின் 9, 10, 14-ஆம் அதிகாரங்கள் அசீரியாவின் நுகம் முறியும் என்று பேசும்போது, பேரரசின் சொல்லையே பேரரசுக்கு எதிராகத் திருப்புகின்றன. அந்நியர்தான் நுகம் வைப்பார்கள் என்றில்லை. சாலொமோன் இறந்தபின் சீகேமில் கூடிய வடநாட்டுக் குலங்கள், அவன் வைத்த நுகத்தைக் குறைக்கும்படி மகன் ரெகொபெயாமிடம் கேட்டன. முதியோர் சொன்ன யோசனையைத் தள்ளிவிட்டு அவன் கூட்டுவதாகச் சொன்னான். கட்டாய வேலையை மேற்பார்த்த அதிகாரி கல்லடிபட்டுச் செத்தான், நாடு இரண்டானது.

இந்த உருவகத்தைத் தன் உடம்பிலேயே காட்டியவர் எரேமியா. சிதேக்கியா ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் ஏதோம், மோவாப், அம்மோன், தீரு, சீதோன் நாடுகளின் தூதர்கள் எருசலேமுக்கு வந்திருந்தார்கள். பாபிலோனை எதிர்க்கும் கூட்டணிப் பேச்சு நடந்த நேரம். எரேமியா கயிறும் கட்டையுமாக நுகம் செய்து கழுத்தில் மாட்டிக்கொண்டு, பாபிலோனுக்குப் பணியுங்கள் என்றார். கிபியோனைச் சேர்ந்த அனனியா என்ற தீர்க்கதரிசி, மக்கள் பார்க்க ஆலயத்தில் வைத்து அதைப் பிடுங்கி உடைத்தான். இரண்டே ஆண்டில் பாபிலோனின் நுகமும் இப்படி உடையும் என்றான். எரேமியா மறுபேச்சில்லாமல் போய்விட்டார். பிறகு திரும்பி வந்து, மரநுகத்தை உடைத்தாய், அதற்குப் பதிலாக இரும்பு நுகம் வரும் என்றார். இரண்டு மாதத்தில் அனனியா இறந்ததாக நூல் சொல்கிறது. விடுதலை பேசியவன் பொய்யனாகவும் அடிமைத்தனத்தை ஏற்கச் சொன்னவர் மெய்யராகவும் நிற்கும் சங்கடமான கதை இது. பிற்காலத்தில் அதிகாரத்துக்கு அடங்கிப்போகச் சொல்ல விரும்பியவர்கள் எரேமியாவைத் துணைக்கு அழைக்க இடமிருந்தது. ஆனால் அவர் அந்தக் கட்டையை முதலில் வைத்தது தன் கழுத்தில். பிறர் கழுத்தில் அல்ல.

தானே ஏற்கும் நுகம் என்ற கருத்து ஞான இலக்கியத்தில் வளர்ந்தது. இளமையில் நுகம் சுமப்பது நல்லது என்கிறது புலம்பல் நூல். கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எருசலேமில் வாழ்ந்த பென் சீரா, தன் கல்விக்கூடத்துக்கு மாணவரை அழைக்கும்போது ஞானத்தின் நுகத்துக்குக் கழுத்தைக் கொடுக்கச் சொல்கிறார். தான் சற்றே உழைத்துப் பெரும் ஓய்வு கண்டதாகவும் சொல்கிறார். உழைப்பு, நுகம், ஓய்வு மூன்றும் ஒரே இடத்தில் வருவதால், மத்தேயு 11-க்கு மிக நெருங்கிய முன்னோடியாக ஆய்வாளர்கள் இப்பகுதியையே காட்டுகிறார்கள். யூத ரபிகளும் இதே தடத்தில் போனார்கள். கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில், தோராவின் (மோசேயின் சட்டத்தின்) நுகத்தை ஏற்பவனிடமிருந்து அரசாங்கத்தின் நுகமும் பிழைப்பின் நுகமும் நீக்கப்படும் என்ற கூற்று ரபி நெகுனியாவின் பெயரில் இருக்கிறது. ரோமர்கள் இரும்புச் சீப்பால் சதையைக் கிழிக்கும்போது ரபி அகிபா விண்ணரசின் நுகத்தை ஏற்றுக்கொண்டிருந்தார் என்று தால்முத் சொல்கிறது. இவர்களுக்கு அது பாரமாக அல்ல, பெருமையாகவே இருந்தது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. யூதரின் சட்டம் கனமான நுகம், கிறிஸ்துவின் நுகம் இலேசு என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது பிரசங்க மேடைகளில் வழக்கமாகிவிட்டது. மத்தேயுவின் அமைப்பு அதைவிட நுட்பமானது. நுகத்தைப் பற்றிய அழைப்பு முடிந்த கையோடு, 12-ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாளில் கதிர் கொய்ததும் சூம்பின கைக்காரனைக் குணமாக்கியதும் வருகின்றன. 23-ஆம் அதிகாரத்தில் பிறர் தோளில் சுமை கட்டி வைத்துவிட்டுத் தாம் விரலாலும் தொடாதவர்கள்மேல் கண்டனம் வருகிறது. இயேசு தோராவைப் பாரமென்று சொல்லவில்லை, சுமத்துகிறவர்களைத்தான் சாடினார். அப்போஸ்தலர் 15-இல், புறவினத்து விசுவாசிகளுக்கு விருத்தசேதனம் வேண்டுமா என்ற விவாதத்தில் பேதுரு கேட்பதும் அதே கேள்வி: சீடர் கழுத்தில் ஏன் நுகம் வைக்கிறீர்கள்? கலாத்தியருக்கு எழுதும் பவுலின் கோபமும் அதே திசையில்தான் பாய்கிறது.

அப்போஸ்தலர்களுக்கு அடுத்த தலைமுறை எழுத்துகளில் இந்த எச்சரிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது. ரோமிலிருந்து கொரிந்துவுக்குப் போன கிளமெந்தின் முதல் நிருபம் கிருபையின் நுகம் என்கிறது. பர்னபா நிருபம் கட்டாயத்தின் நுகமில்லாத புதிய சட்டம் என்று பேசுகிறது. எனக்கு மிகவும் வியப்பளிப்பது திதகே என்ற சிறுநூல். 1873-இல் பிலோதியோஸ் பிரியென்னியோஸ் கான்ஸ்டாண்டினோபிளில் கண்டெடுத்து 1883-இல் வெளியிட்ட இந்நூலின் 6-ஆம் அதிகாரம், ஆண்டவரின் நுகத்தை முழுதும் சுமக்க முடிந்தால் நிறைவடைவாய், முடியாவிட்டால் முடிந்ததைச் செய் என்று விட்டுவிடுகிறது. இத்தனை தாராளமான சபை ஒழுங்கு நூலைப் பின்னாளில் காண்பது அரிது.

2-ஆம் நூற்றாண்டின் நடுவில் கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீன், இயேசு தச்சராக இருந்தபோது ஏர்களும் நுகங்களும் செய்தார் என்று குறிப்பிட்டார். நாசரேத்துத் தச்சரின் நுகங்கள் கழுத்தை உறுத்தாமல் பொருந்தும் என்று பிற்காலத்தில் கதை வளர்ந்தது. 20-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து விளக்கவுரையாளர் வில்லியம் பார்க்லே அந்தக் கதையை எழுதிப் பரவச் செய்தார்; அது கதை என்பதையும் சொன்னார். கேட்டவர்கள் கதையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அனுபவமுள்ள மாட்டோடு இளம் மாட்டைப் பூட்டுவதுபோல் இயேசு நம்மோடு ஒரே நுகத்தில் நடக்கிறார் என்ற விளக்கமும் இத்தகையதே. பக்திக்கு உகந்தது, மத்தேயுவின் வாசகத்தில் அதற்கு ஆதாரமில்லை.

உருவகம் சட்டமாக இறுகியது துறவு மடங்களில். 6-ஆம் நூற்றாண்டின் பெனடிக்ட் ஒழுங்கு, 58-ஆம் அதிகாரத்தில், உறுதிமொழி எடுத்தவன் அன்றுமுதல் ஒழுங்கின் நுகத்தைக் கழுத்திலிருந்து உதற முடியாது என்கிறது. ஆனால் அதற்கு முன் அவனுக்குப் போதிய அவகாசம் தருகிறது. இரண்டு மாதம் கழித்து ஒழுங்கு முழுவதையும் படித்துக்காட்டுவார்கள். பிறகு ஆறு மாதம் கழித்து. பிறகு நான்கு மாதம் கழித்து. விருப்பமில்லையென்றால் ஒவ்வொரு முறையும் வெளியேறலாம். இதுவரை நியாயம். அடுத்த அதிகாரத்தில், பெற்றோர் ஒப்புக்கொடுக்கும் சிறுவனின் கையைப் பீடத்துணியில் சுற்றி மடத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று வருகிறது. பையனைக் கேட்பார் இல்லை. 633-இல் தொலேதோவில் கூடிய நான்காம் சங்கம், தந்தையின் பக்தியும் ஒருவனைத் துறவியாக்கும் என்றே விதித்தது.

இப்படி ஃபுல்டா மடத்துக்குக் கொடுக்கப்பட்ட சாக்சனியச் சிறுவன் கோட்சால்க். வளர்ந்தபின், தன் சம்மதமில்லாமல் நடந்தது செல்லாது என்று 829-இல் மைன்ஸ் திருச்சங்கத்தில் முறையிட்டார், சங்கமும் விடுவித்தது. மடாதிபதி ராபானுஸ் மௌருஸ் விடவில்லை. பேரரசர் லூயியிடம் முறையிட்டார். சிறுவரை ஒப்புக்கொடுப்பதை நியாயப்படுத்தித் தனி நூலே எழுதினார். கோட்சால்க் ஃபுல்டாவை விட்டு வேறு மடம் போனார்; துறவுநிலையிலிருந்து மட்டும் விடுபட முடியவில்லை. பின்னர் முன்குறிப்புக் கொள்கைக்காகக் கண்டிக்கப்பட்டு, 849-இல் கசையடி வாங்கி, அடைபட்ட மடத்திலேயே இறந்தார். பிறர் வைத்த நுகத்தை இறைவன் வைத்ததாக்கும் வித்தையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

1521-இல் துறவு உறுதிமொழிகளைப் பற்றி லூத்தர் எழுதிய நூல் இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தது. ஆனால் புராட்டஸ்டன்ட் உலகமும் தப்பவில்லை. 1841-இல் வர்ஜீனியாவின் பாப்டிஸ்ட் போதகர் தார்ன்டன் ஸ்ட்ரிங்ஃபெல்லோ, அடிமைமுறைக்கு வேத ஆதாரம் காட்டி எழுதிய கட்டுரையில், நுகத்துக்கு உட்பட்ட அடிமைகள் எசமானர்களை மதிக்கச் சொல்லும் 1 தீமோத்தேயு 6-ஐ முன்வைத்தார். எதிரணியினர் எல்லா நுகத்தையும் உடைக்கச் சொல்லும் ஏசாயா 58-ஐக் கையிலெடுத்தனர். இரு தரப்புக்கும் ஒரே வேதம், ஒரே உருவகம்.

நம் சபைகளில் இன்று இந்த உருவகம் அதிகம் கேட்பது திருமணப் பேச்சில். 2 கொரிந்தியர் 6:14-ஐக் கொண்டு, மாற்று மதத்தவரை மணப்பதை ‘அந்நிய நுகம்’ என்கிறார்கள். அவ்வசனம் திருமணத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. மாட்டையும் கழுதையையும் சேர்த்து உழாதே என்ற உபாகமச் சட்டம் அதன் பின்னணி. விதவை ஆண்டவருக்குள் மறுமணம் செய்யட்டும் என்று பவுல் 1 கொரிந்தியர் 7-இல் சொன்னது உண்மைதான். அதே அதிகாரத்தில், விசுவாசியல்லாத துணை சேர்ந்து வாழச் சம்மதித்தால் விலக்கிவிட வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறார். ‘அந்நிய நுகம்’ என்று மேடையில் முழங்குவோர் அந்த வசனங்களையும் சேர்த்தே சபைக்கு வாசித்துக்காட்ட வேண்டும்.