பந்தியில் மூன்றாமவன்

உண்டு முடித்தபின் இறைவனைப் புகழ்வது யூத மார்க்கத்தில் வெறும் நல்லொழுக்கம் அன்று, தவ்ராத்தின் கட்டளை. உபாகமம் 8ஆம் அதிகாரத்தின் 10ஆம் வசனத்தை அதற்கு ஆதாரமாகக் காட்டுவர். தனித்து உண்பவர் தனியே ஓதிக்கொள்வார். மூவர் சேர்ந்து ரொட்டி உண்டாலோ, அவர்களுள் ஒருவர் ஏனையோரை இறைபுகழுக்கு முதலில் அழைக்க வேண்டும். அவர்கள் மறுமொழி கூறிய பின்னரே நன்றியுரை தொடங்கும். இந்த அழைப்புக்கு ‘ஸிம்முன்’ என்று பெயர். பதின்மர் கூடிவிட்டால் அழைப்பின் வாசகத்தில் இறைவனைக் குறிக்கும் சொல்லும் சேரும். நூறு பேர், ஆயிரம் பேர், பதினாயிரம் பேர் என்று கூட்டம் பெருகப் பெருக வாசகமும் நீள வேண்டும் என்றுகூட ஒரு பழைய கருத்து இருந்தது. தொழுகைக் கூடத்தில் கூட்டம் பெரிதானாலும் சிறிதானாலும் வாசகம் ஒன்றுதானே என்று ரப்பி அகீவா அதனை மறுத்தார். அவர் கருத்தே பின்னர் நிலைபெற்றது.

நம் கவனத்துக்குரியது மூவர் என்னும் அந்த எண்ணிக்கை. ஒரு வீட்டில் தகப்பனும் ஒரு விருந்தாளியும் எட்டு வயது மகனும் உண்டு முடித்திருக்கிறார்கள். மகனைக் கணக்கில் கொண்டால் அழைப்பு உண்டு. இல்லையென்றால் அவரவர் தாமே ஓதி எழவேண்டியதுதான். அறிஞர் அவையில் மூன்று ஆடவருக்குப் பஞ்சமில்லை. சாதாரண வீட்டுப் பந்தியில் அப்படியன்று. சிறுவனைச் சேர்ப்பதா, விடுவதா என்ற கேள்வி அத்தகைய வீடுகளில் அழைப்பு இருக்குமா, இராதா என்ற கேள்வியாகவே ஆகிவிடுகிறது.

கி.பி. 200 அளவில் ரப்பி யஹூதா தொகுத்த மிஷ்னா, இதில் கண்டிப்பாகவே பேசுகிறது. பெண்கள், அடிமைகள், சிறுவர் ஆகியோரை எண்ணி ஸிம்முன் செய்யலாகாது என்பது அதன் தீர்ப்பு. ஆனால் இதே மூன்று பிரிவினரும் உணவுக்குப்பின் நன்றியுரை ஓதக் கடமைப்பட்டவர்கள் என்று அதே பகுதியில் மற்றோரிடத்தில் அது கூறுகிறது. ஓதுவது வேறு, எண்ணப்படுவது வேறு. இந்த இடைவெளியில்தான் பிற்காலத்து விவாதம் முழுவதும் நடைபெற்றது.

பாபிலோனியத் தல்மூத் பல கருத்துகளை அடுக்குகிறது. தொட்டிலில் கிடக்கும் குழந்தையையும் பதின்மர்க்கு ஒரு துணையெனச் சேர்க்கலாம் என்றார் ஒருவர். பருவமடைந்ததற்கான உடற்குறி வேண்டும் என்றனர் வேறு சிலர். இறுதியில் இவையெல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, ரவ் நஹ்மானின் கூற்றே சட்டம் என்று அந்நூல் முடிக்கிறது: யாரைப் புகழ்கிறோம் என்று அறிந்த சிறுவனை எண்ணிக்கையில் சேர்க்கலாம்.

உடனே ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய இராக்கில் யூஃப்ரடீஸ் கரையிலிருந்த பும்பதீத்தாக் கல்விக்கூடத்துக்கு ரப்பா தலைமை வகித்தார். அவர் முன்னே சிறுவர் இருவர் அமர்ந்திருந்தனர். ஒருவன் அபாயே, ரப்பாவின் வீட்டிலேயே வளர்ந்த அநாதை. மற்றவன் ராவா. யாருக்கு நன்றி கூறுகிறோம் என்று ரப்பா கேட்டார். அருளாளனுக்கு என்றனர் இருவரும். அருளாளன் எங்கே இருக்கிறான் என்றார். ராவா வீட்டுக் கூரையைச் சுட்டினான். அபாயே எழுந்து வெளியே போய் வானத்தைக் காட்டினான். நீங்கள் இருவருமே அறிஞர் ஆவீர்கள் என்றார் ரப்பா. ‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்று நாம் சொல்வதையே சுரைக்காயை வைத்துச் சொல்லும் ஓர் அரமேயப் பழமொழியோடு இக்கதை முடிகிறது. பின்னாளில் அபாயே பும்பதீத்தாவின் தலைவரானார். ராவா, மதாயினுக்கு அருகிலிருந்த மஹோஸாவில் கற்பித்தார். தல்மூதின் பக்கங்களில் பாதி இவ்விருவரின் வாதங்களோ என்று தோன்றும்.

ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும், அல்லாஹ் எங்கே என்று கேட்கப்பட்ட அடிமைப் பெண்ணின் ஹதீஸ் இங்கே வாசகர்க்கு நினைவு வரலாம். ஆனால் ரப்பா அகீதா பாடம் நடத்தவில்லை. கூரையைக் காட்டியவனை அவர் திருத்தவுமில்லை. கை மேல்நோக்கி எழுந்ததா என்பதே அவருக்கு வேண்டியிருந்தது.

இந்த அளவுகோலை அப்படியே ஏற்றவர்கள் பெரும்பாலும் இஸ்லாமிய நாடுகளில் வாழ்ந்த யூதச் சட்ட அறிஞர்கள். ஃபாஸ் நகரில் நெடுங்காலம் கற்பித்து, 1088இல் ஸ்பெயினுக்குச் சென்று, 1103இல் மறைந்த இஸ்ஹாக் அல்ஃபாஸி முதல்வர். அவருக்குப்பின், குர்துபாவில் பிறந்து 1204இல் மிஸ்ரில் மறைந்த மூஸா இப்னு மைமூன். யாரைப் புகழ்கிறோம் என்று அறிந்த சிறுவன் ஏழெட்டு வயதினனாயினும் மூவரிலும் பதின்மரிலும் ஒருவனாவான் என்று இப்னு மைமூன் தெளிவாகவே எழுதினார்.

ஏழு வயது என்றதும் நம் ஃபிக்ஹு நூல்களின் ‘தம்யீஸ்’ நினைவுக்கு வருவது இயல்பு. பிள்ளைகளைத் தொழுமாறு ஏவத் தொடங்கும் வயதும் அதுவே. கடந்துசென்ற பயணிகளிடம் கேட்டுக் கேட்டே தம் கூட்டத்தாரில் மிகுதியாகக் குர்ஆனை மனனம் செய்திருந்த அம்ரு இப்னு ஸலமா, ஆறு ஏழு வயதில் அவர்களுக்கு இமாமாக நின்றதை புகாரியில் காண்கிறோம். ஷாஃபிஈ மத்ஹப் இதனை ஆதாரமாகக் கொள்கிறது. ஹனஃபிகள் கடமையான தொழுகையில் அதனை ஏற்பதில்லை. ஷாஃபிஈகளும் ஜும்ஆவின் நாற்பது பேரில் சிறுவனைச் சேர்ப்பதில்லை. இவ்வொப்புமையைக் கொண்டு இப்னு மைமூன் நம்மவரிடம் கடன் வாங்கினார் என்று முடிவுகட்டுவது எளிது, ஆனால் பொருந்தாது. அறிவே அளவு என்னும் விதி இஸ்லாத்தின் வருகைக்கு முன்பே பாபிலோனில் பேசப்பட்டுவிட்டது. அவ்விதி அந்நிலங்களில் எதிர்ப்பின்றி நிலைத்தது என்பதற்கு மேல் சொல்வது மிகையாகும்.

பிரான்சிலும் ஜெர்மனியிலும் நிலைமை வேறு. அங்கே சில ஊர்களில் பதின்மரில் ஒருவர் குறைந்தால் சிறுவன் கையில் தவ்ராத் நூலொன்றைக் கொடுத்து அவனைச் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் இருந்தது. 1171இல் மறைந்த ரப்பேனு தாம் இதனை மடமை என்று எள்ளினார். நூல் என்ன, ஓர் ஆளா என்பது அவர் கேள்வி. ஒன்பதின்மரோடு வேதப்பேழையைச் சேர்த்து எண்ணலாம் என்ற கருத்துக்குத் தல்மூதிலேயே இதே வகையான கேள்வி எழுப்பப்பட்டிருக்கிறது. கேலி நியாயமானதே. ஆயினும் அந்த ஊரார் ஏதோ ஒன்றைச் சரியாக உணர்ந்திருந்தனர் என்றே எனக்குத் தோன்றுகிறது: சிறுவனுக்கு இடம் தருவது வயதன்று, வேதத்தோடு அவனுக்குள்ள தொடர்பு என்பதை. அதனைக் கேட்டறிய வேண்டியிருக்க, கையில் திணித்துவிட்டார்கள். காலப்போக்கில் அந்நாடுகளின் அறிஞர்கள் பலர் பருவமடைதலையே வரம்பாக்கினர். 1327இல் மறைந்த, ஜெர்மனியிலிருந்து துலைதுலா வந்த ரப்பேனு ஆஷேரும் அவர்களுள் ஒருவர்.

ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட தலைமுறையைச் சேர்ந்தவரும் உதுமானிய ஆட்சியின்கீழ் ஸஃபதில் வாழ்ந்தவருமான யூசுஃப் காரோவின் ‘ஷுல்ஹான் ஆருக்’ 1565இல் வெனிஸில் அச்சாயிற்று. ‘விரிக்கப்பட்ட பந்தி’ என்பது அப்பெயரின் பொருள். பந்தியில் சிறுவனுக்கு இடமுண்டு என்று அது விதித்தது. போலந்தின் கிராக்கோவிலிருந்த மோஷே இஸ்ஸர்லெஸ் தம் குறிப்புகளை அதன்மேல் ‘மேசை விரிப்பு’ என்ற பெயரால் இட்டார். பதின்மூன்று வயது நிறையும்வரை சேர்க்கலாகாது என்போரும் உளர், எங்கள் வழக்கமும் அதுவே, அதனை மாற்றலாகாது என்பது அவர் சேர்த்த குறிப்பு. பதின்மூன்றைக் கேள்வி கேட்காமலே கண்டறியலாம். ரப்பாவின் முறைக்கோ ஒவ்வொரு பந்தியிலும் யாராவது ஒருவர் சிறுவனிடம் பேச வேண்டும்.

காரோவின் விதி ஒரு வகை எழுத்தில், இஸ்ஸர்லெஸின் குறிப்பு அதனூடே வேறு வகை எழுத்தில் என்று இரண்டும் ஒரே பக்கத்தில்தான் அச்சாகி வருகின்றன. இராக், மொரோக்கோ வழிவந்த குடும்பங்கள் பொதுவாக முதல் எழுத்தின்படியும், போலந்து, ஜெர்மனி வழிவந்தவை இரண்டாவதன்படியும் இன்றும் நடக்கின்றன. இரு தரப்பிலும் சிறுவன் தானே அழைப்பை முன்னின்று கூறுவதில்லை, பெரியவர் அழைப்பார். அவன் மறுமொழி சொல்வான்.