மதுவிலக்கிலிருந்து மூச்சுப் பரிசோதனை வரை: மதுபோதை வாகன வழக்குகளில் வழக்கறிஞர் உரிமை – காஞ்சிபுரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழகத்தில் மது அருந்துவதே குற்றமாக இருந்த காலம் உண்டு. இன்று அரசு நிறுவனமே மதுவை விற்கிறது. அருந்தியவர் வாகனம் ஓட்டுவது குற்றமாகிறது. இம்மாற்றத்தை மதுக்கொள்கையின் வரலாறாக மட்டும் காண்பது போதாது. குற்றஞ்சாட்டப்பட்டவர் தம்மைக் காத்துக்கொள்ளும் முறையும் அதனோடு சேர்ந்தே மாறியுள்ளது. அவருக்கு வழக்கறிஞரின் துணை எக்கட்டத்தில் தேவைப்படுகிறது, சட்டம் அத்துணையை எக்கட்டத்தில் வழங்குகிறது என்னும் இரு வினாக்களைக் காஞ்சிபுரத்தைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

மதுவிலக்கும் வாகனச் சட்டமும்

இராஜாஜியின் அமைச்சரவை 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948 அக்டோபர் 2 முதல் அது சென்னை மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோதும் மதுவிலக்கைத் தளர்த்தவில்லை. 1971இல் ஒத்திவைக்கப்பட்டு, 1974இல் மீண்டும் நடைமுறைக்கு வந்த மதுவிலக்கு, 1981இல் மறுபடியும் தளர்த்தப்பட்டது. 1983இல் டாஸ்மாக் நிறுவப்பட்டது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் வசமானது.

இதற்கு இணையாக மற்றொரு சட்டமும் இயங்கிவந்தது. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆம் பிரிவு, வாகனத்தைக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்குப் போதையில் இருப்பவர் வாகனம் ஓட்டுவதைக் குற்றமாக்கியது. இங்கு மெய்ப்பிக்கப்பட வேண்டியது ஓட்டுநரின் இயலாமையாகும்.

அடையாளமும் அளவும்

இயலாமையை மெய்ப்பிக்க வாசனை, நடைத் தடுமாற்றம், குழறிய பேச்சு, விரிந்த கண்பாவை ஆகிய அடையாளங்கள் சான்றாகக் காட்டப்பட்டன. பச்சுபாய் ஹசனல்லி கார்யானி எதிர் மகாராஷ்டிர மாநிலம் என்னும் வழக்கில் (1971), இரத்தமோ சிறுநீரோ பரிசோதிக்கப்படாத நிலையில், இவ்வடையாளங்களை மட்டும் கொண்டு ஒருவர் மதுபோதையில் இருந்தார் என முடிவுசெய்ய இயலாது என உச்ச நீதிமன்றம் கருதியது. மருத்துவரைக் குறுக்கு விசாரணை செய்வதே அக்கால வழக்கறிஞரின் முதன்மைக் கருவியாக இருந்தது என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

மேலைநாடுகளில் அளவீடு முன்னரே வந்துவிட்டது. அமெரிக்காவில் ராபர்ட் போர்கென்ஸ்டைன் 1954இல் மூச்சுப் பரிசோதனைக் கருவியை உருவாக்கினார். பிரிட்டன் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என வரம்பிட்டது. இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு 1994இல் திருத்தப்பட்டபோது 30 மில்லிகிராம் என்னும் வரம்பும் மூச்சுப் பரிசோதனையும் இடம்பெற்றன.

இதனால் வழக்கறிஞரின் பணி நடைமுறையை ஆராய்வதாக மாறியது. 202ஆம் பிரிவின்படி, கைதானவரை இரண்டு மணி நேரத்திற்குள் பதிவுபெற்ற மருத்துவரின் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். தவறினால் விடுவிக்க வேண்டும். அந்தக் கால வரம்பு பேணப்பட்டதா, மூச்சுப் பரிசோதனைக்கும் ஆய்வகப் பரிசோதனைக்கும் உரிய 203, 204ஆம் பிரிவுகள் பின்பற்றப்பட்டனவா என்பவை இன்றைய எதிர்வாதத்தின் அடிப்படைக் கேள்விகள். இவற்றைச் சாலையோரத்தில் நிற்கும் ஓட்டுநர் தாமே எழுப்புவார் என எதிர்பார்க்க இயலாது.

வழக்கறிஞர் உரிமையின் வளர்ச்சி

தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கும் உரிமையைக் கைதானவருக்கு அரசியலமைப்பின் 22(1)ஆம் உறுப்பு அளித்தது. அவரை அமர்த்தும் வசதியற்றோரின் நிலை 1970களின் பிற்பகுதியில்தான் உச்ச நீதிமன்றத்தின் முழுக் கவனத்தைப் பெற்றது. எம். எச். ஹோஸ்கோட் (1978), ஹுசைனாரா காதூன் (1979) வழக்குகள் இலவச சட்ட உதவியை நியாயமான நடைமுறையின் கூறாக ஏற்றன. காத்ரி வழக்கு (1981) அவ்வுரிமையைத் தெரிவிக்கும் கடமையை நடுவர்மீது சுமத்தியது. சுக் தாஸ் வழக்கில் (1986), உரிமை தெரிவிக்கப்படாமல் நடந்த விசாரணையின் தண்டனை நீக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது.

185ஆம் பிரிவு முதல் குற்றத்திற்கே ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிப்பதால், இத்தீர்ப்புகளின் கோட்பாடு இதற்கும் பொருந்துகிறது.

குற்றத்தை ஒப்புக்கொள்வதன் விளைவுகள்

எனினும் இவ்வளர்ச்சி பெரிதும் விசாரணையை மையமாகக் கொண்டது. குற்றஞ்சாட்டப்பட்டவர் முதல் நாளிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டால் நடுவர் உடனே தண்டனை வழங்கலாம் (1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 252). அதன்பின் தண்டனையின் அளவு, சட்டத்தகுதி ஆகியவை குறித்தன்றி மேல்முறையீடு இல்லை (பிரிவு 375). 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் 275, 416ஆம் பிரிவுகளில் இதையே தொடர்கிறது.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் குற்றத்திற்கான அபராதத்தை 10,000 ரூபாயாக உயர்த்தியது. தமிழகத்தில் உயர்ந்த அபராதம் 2022 அக்டோபரில் நடைமுறையானது. அபராதத்தைக் கட்டினால் வழக்கு முடிந்துவிடும் என்னும் எண்ணம் மற்றொரு விளைவை மறைத்துவிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 20(2)ஆம் பிரிவு, இக்குற்றத்தில் தண்டனை பெற்றவரைக் குறைந்தது ஆறு மாதம் ஓட்டுநர் உரிமத்திற்குத் தகுதியற்றவராக்க நீதிமன்றத்தைப் பணிக்கிறது.

காஞ்சிபுரச் சூழல்

கோயிலுக்கும் பட்டுக்கடைகளுக்கும் வருவோரை ஏற்றிச்செல்லும் ஆட்டோ, வேன் ஓட்டுநர்களுக்கு ஆறு மாதத் தகுதியிழப்பு என்பது வாழ்வாதார இழப்பாகும். மாவட்டத்தின் ஊடாகச் செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையும், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் தொழிற்பகுதிகளும் வாகனப் போக்குவரத்தைப் பெருக்கியுள்ளன. தமிழ்நாடு எதிர் கே. பாலு வழக்கில் 2016 டிசம்பர் 15 அன்று நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை உச்ச நீதிமன்றம் கட்டுப்படுத்தியது. அது விற்பனையிடத்தைப் பற்றியதே தவிர, வழக்கில் சிக்கியவரின் எதிர்வாதத்தைப் பற்றியதன்று.

சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர், காவலில் உள்ளோர், குறித்த வருமான வரம்புக்குக் கீழ்ப்பட்டோர் முதலியோருக்கு இலவச உதவி அளிக்கிறது. தொழிற்சாலை ஊழியர் இவ்வரிசையில் நேரடியாக இடம்பெறுகிறார். வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்யும் நெசவாளரும் சொந்த ஆட்டோ ஓட்டுபவரும் பெரும்பாலும் வருமான வரம்பையே சார்ந்திருக்க வேண்டும். பிணையில் வெளிவந்தவர் ‘காவலில் உள்ளோர்’ என்னும் வகையிலிருந்தும் விலகிவிடுகிறார்.

முடிவுரை

போதையை அடையாளத்தால் அறிந்த காலத்தில் வழக்கறிஞரின் தேவை சாட்சிக் கூண்டின் முன் எழுந்தது. அளவீட்டுக் காலத்தில் அது பரிசோதனை நடந்த முதல் இரண்டு மணி நேரத்தையும் நீதிமன்றத்தின் முதல் நாளையும் சார்ந்துவிட்டது. சட்ட உதவியின் வளர்ச்சி இவ்விடமாற்றத்தை முழுமையாகப் பின்தொடரவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா என நடுவர் வினவும் முன்பே, உரிமத் தகுதியிழப்பையும் மேல்முறையீட்டுத் தடையையும் இலவச வழக்கறிஞர் உரிமையையும் தெரிவிப்பது காத்ரி தீர்ப்பின் நோக்கத்தோடு இசைவதாகும். மாவட்ட நீதிமன்றப் பதிவேடுகளில் குற்ற ஒப்புதல்களையும் வழக்கறிஞர் முன்னிலையையும் ஒப்பிட்டு ஆராய்வது இத்துறையின் அடுத்த பணியாக அமையலாம்.