நடுக்குவாதமும் நடப்பட்ட உயிரணுக்களும்

இலண்டனில் மருத்துவம் செய்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டில் ஒரு சிறுநூலை வெளியிட்டார். அதில் அவர் விவரித்த நோயாளிகள் ஆறே பேர். அவர்களிலும் சிலரைத் தெருவில் கண்டதோடு சரி. ஆயினும் கைநடுக்கத்தையும் முன்சாய்ந்து விரையும் நடையையும் அவர் தீட்டிய சித்திரம் இன்றளவும் பொருந்துகிறது. நம்மவர் நடுக்குவாதம் என வழங்கும் அந்நோய்க்குப் பின்னாளில் அவர் பெயரே நிலைத்தது.

நோயின் காரணம் புலப்பட மேலும் நூற்று நாற்பது ஆண்டுகள் கடந்தன. 1960இல் வியன்னாவில் ஹார்னிகீவிச் என்பார், இந்நோயால் இறந்தோரின் மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருள் பெரிதும் குன்றியிருக்கக் கண்டார். நடுமூளையில் கருநிறமாய்த் தோன்றும் ஒரு சிறுபகுதியின் உயிரணுக்கள் மடிவதால் நேரும் குறை அது. 1967இல் கோட்சியாஸ், லெவோடோபா மருந்தை மிகுந்த அளவில் வாய்வழி கொடுத்தபோது, முடங்கிக் கிடந்தோர் எழுந்து நடந்தனர். ஆனால், ஆண்டுகள் செல்லச் செல்ல மருந்தின் பயன் சீரற்றுப் போயிற்று; வேண்டாத அசைவுகள் உடலை அலைக்கழித்தன. மடிந்த உயிரணுக்களுக்கு ஈடாகப் புதியவற்றை நட்டால் என்ன?

1979இல் எலிகளிடத்தில் இம்முயற்சி பலித்தது. 1982இல் சுவீடன் மருத்துவர்கள் நோயாளியின் அட்ரினல் சுரப்பியிலிருந்தே திசுவை எடுத்து அவரது மூளையில் பதித்தனர், பயன் சொற்பமே. 1987இல் மெக்சிகோவின் மத்ராசோ, இவ்வகைச் சிகிச்சையில் இருவர் வியத்தகு நலம் பெற்றதாக அறிவித்ததும், பல நாடுகளில் அறுவை அரங்குகள் பரபரத்தன. பிறர் செய்தபோது அந்த நலம் வாய்க்கவில்லை. எலிகளிடம் காட்டிய பொறுமையை மனிதரிடம் காட்டியிருக்கலாம்.

அதே 1987இல்தான் சுவீடனின் லுண்ட் நகரில் லிண்ட்வால், பியோர்க்லுண்ட் குழுவினர் வேறொரு வாயிலைத் திறந்தனர். கருக்கலைப்பில் அழிந்த கருக்களின் நடுமூளைத் திசுவை நோயாளிகளின் மூளையில் நட்டனர். ஒரு நோயாளிக்கே பல கருக்கள் தேவைப்பட்டன.

திருச்சபை அவ்வாண்டு பிப்ரவரி 22 அன்று வெளியிட்ட ‘தோனும் வீத்தே’ அறிவுறுத்தல், இறந்த கருவின் உடலுக்கும் பிற மனித உடல்களுக்குரிய மதிப்பைக் கோரியிருந்தது. கருக்கலைப்புக்கு எவ்வகையிலும் உடந்தையாகலாகாது என்றும் எச்சரித்திருந்தது. 1988இல் அமெரிக்க அரசு இவ்வாய்வுக்கான நிதியை நிறுத்திவைத்து, வல்லுநர் குழுவொன்றை அமைத்தது. ‘கலைப்பதென்னும் முடிவையும் திசு தரும் முடிவையும் சட்டத்தால் பிரித்துவைத்தால் போதும்’ என்றனர் பெரும்பாலோர். குழுவிலிருந்த கத்தோலிக்கக் குரு ஒருவர் உள்ளிட்ட சிலர் உடன்படவில்லை: ஒரு செயலின் விளைவைத் தொடர்ந்து துய்ப்பவர் அதில் பங்காளியாகிறார், அக்கருவின் உயிரை விலக்கிவிட்டவர் அதன் சார்பில் இசைவு தருவதெங்ஙனம்? குழுவின் பரிந்துரைக்குப் பின்னும் தடை நீடித்தது. 1993 ஜனவரியில் அதிபர் கிளிண்டன் அதை நீக்கினார்.

1995இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் தம் ‘எவாஞ்செலியும் வீத்தே’ சுற்றுமடலில், கருக்களைத் திசுக்களஞ்சியமாகப் பயன்படுத்துவதை வெளிப்படையாகக் கண்டித்தார். அந்தப் பத்தாண்டிலேயே அவரது இடக்கை நடுங்குவதை உலகம் கண்டது. அவரைப் பற்றியிருந்ததும் இதே நோய். நோயறியாதவரின் எளிய உபதேசம் என்று அம்மடலை எவரும் தள்ளிவிட முடியாது. 2005 ஏப்ரல் 2 அன்று அவர் மறைந்தார்.

இதற்கிடையே 2001இல் அமெரிக்க ஆய்வொன்றின் முடிவு வெளியாயிற்று. நாற்பது பேரில் பாதிப் பேருக்கே திசு நடப்பட்டது. மற்றவர்க்கு மண்டையோட்டில் துளை மட்டும் இடப்பட்டது. (இந்தப் பொய்யறுவை தனியே ஓர் அறநெறிச் சிக்கல்.) முதியோர்க்குப் பயன் தெரியவில்லை, இளையோரிடம் ஓரளவு முன்னேற்றம் காணப்பட்டது. திசு பெற்றோருள் 15 விழுக்காட்டினர் பின்னர் அடங்காத அசைவுகளுக்கு ஆளாயினர். 2008இல் இன்னொரு செய்தி: பத்தாண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்த சில நடவு உயிரணுக்களிலும் அந்நோயின் அடையாளம் படிந்திருந்தது. இவற்றைக் காட்டி ‘திருச்சபை வென்றது’ என்று நம்மவர் சிலர் பேசுவதுண்டு, அது முறையன்று. சிகிச்சை முழுமையாகப் பலித்திருந்தாலும் அறநெறி வினா அப்படியேதான் நின்றிருக்கும்.

மாற்றுவழி ஜப்பானில் பிறந்தது. முதிர்ந்த உயிரணுவையே இளமை நிலைக்குத் திருப்பலாம் என்று யமனாகா 2006இல் எலியிலும், 2007இல் மனித உயிரணுவிலும் காட்டினார். 2018 அக்டோபரில் கியோட்டோவில், நலமுள்ள ஒருவரின் இரத்தத்திலிருந்து இவ்வாறு உருவாக்கிய உயிரணுக்கள் முதல் நோயாளிக்கு நடப்பட்டன. எழுவர் பங்கேற்ற அவ்வாய்வின் முடிவுகள் 2025 ஏப்ரலில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தன. கடுமையான தீங்கு எவருக்கும் நேரவில்லை; இயக்கத்திறன் அளவிடப்பட்ட அறுவரில் நால்வர், மருந்தின் துணையற்ற வேளையிலும் முன்னேறியிருந்தனர். அத்துடன் வெளியான மற்றோர் அறிக்கை, அமெரிக்காவிலும் கனடாவிலும் பன்னிருவர் பெற்ற இதேபோன்ற சிகிச்சையைப் பற்றியது. அவ்வுயிரணுக்கள் மனிதக் கருமுளையிலிருந்து வளர்க்கப்பட்டவை.