பாட்டு முறை

1897-ம் வருஷத்து மீன்வளச் சட்டம் தண்ணீரில் விஷம் கலக்காதே, வெடி வைக்காதே என்றது. இன்று வலை கட்டும் முறை யாருடையது என்பதை அது சொல்லவில்லை. எண்ணூர் முதல் பழவேற்காடு வரை குப்பத்தார் அதைத் தாங்களே தீர்த்துக்கொண்டார்கள். இறால் நன்றாக விழும் இடமும் உண்டு, விழாத இடமும் உண்டல்லவா? ஆகவே முறை வைத்தார்கள். பழவேற்காட்டில் சீட்டே போட்டார்கள். பெயர் 'பாடு'. பட்டினவர் அல்லாத மீனவருக்கு அந்தச் சீட்டில் இடமில்லை, பூசல்கூட நடந்தது. அதை நான் நியாயம் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் சண்டையில்லாமல் பங்கிடத் தெரிந்த ஜனங்கள்!

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிச் சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் வந்து இறங்கியது. பாடு யாருடையதாயிருந்தால் என்ன? படகில் போய் வாளியால் எண்ணெயை அள்ளியவர்களும் அந்த மீனவர்கள்தாம்.